பறவைக் காய்ச்சல் வந்த மாகாணத்துக்குச் சின்னக் குழந்தைகளோடு போகலாமா?

இருவரின் அம்மா:

வணக்கம். என் தம்பி ஆறு வருடமாகக் கம்போடியாவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். அவர்களுக்குப் பிறந்த குழந்தையை நாங்கள் இன்னும் நேரில் பார்க்கவில்லை. பிப்ரவரி கடைசியில் பத்து நாள் போகிறோம். நான், கணவர், 7 வயது மகன், 4 வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, ஆஸ்துமாவும் உண்டு. நாலு நாள் தலைநகர் புனோம் பென், ஆறு நாள் பிரே வெங் மாகாணத்தில் தம்பியின் மாமியார் வீடு.

போன வாரம் வீடியோ காலில் தம்பி அந்த வீட்டைச் சுற்றிக் காட்டினான். தூண்களின் மேல் நிற்கும் மரவீடு. கீழே தூளி, சைக்கிள், அடுப்பு, இவற்றுக்கு நடுவே கோழியும் வாத்தும். மகள் வாத்துக் குஞ்சுகளைப் பார்த்துவிட்டாள். "நான் தூக்கலாமா, நான் தூக்கலாமா" என்று அன்று முழுக்க அதே பேச்சு. அன்றிரவுதான் படித்தேன், 2023 பிப்ரவரியில் அதே பிரே வெங் மாகாணத்தில் ஒரு 11 வயதுச் சிறுமி எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வந்து இறந்திருக்கிறாள். அதற்கப்புறமும் அந்த நாட்டில் குழந்தைகளுக்கு வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை.

பயணத்தைத் தள்ளிப்போட வேண்டுமா? டாமிஃப்ளூ என்ற ஃப்ளூ மருந்தை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? முட்டை, கறி எதையும் தொடக் கூடாதா? விமானத்தில் பக்கத்து ஆளிடமிருந்து ஒட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பயணி:

சகோதரி, யோசிக்கவே வேண்டாம், ரத்து செய்யுங்கள். 1997-இல் ஹாங்காங்கில் முதன்முதலாக மனிதருக்கு வந்தபோது 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். இதுவரை பதிவானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு எதற்கு இந்த ஆபத்து? உங்கள் தம்பி குடும்பத்தை இங்கே வரச் சொல்லுங்கள்.

கால்நடை மருத்துவர், ஓய்வு:

அம்மா, மேலே நண்பர் சொன்ன எண்கள் சரிதான். ஆனால் அந்த எண்களோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2003 தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பதிவானவர்கள் எல்லோரையும் கூட்டினாலும் ஆயிரத்தை ஒட்டித்தான் வரும். அதே காலத்தில் செத்ததும் அழிக்கப்பட்டதுமான பறவைகள் கோடிக்கணக்கில். அத்தனை பறவைகளைத் தொட்ட மனிதர்களில் மிகச் சிலருக்கே ஒட்டியிருக்கிறது. லேசாக வந்து கணக்கில் சேராமல் போனவர்களும் இருப்பார்கள்.

ஏன் ஒட்டுவதில்லை என்றால், பறவை வைரஸ் பற்றிக்கொள்ளத் தேடும் இடங்கள் நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு. நுரையீரலின் அடிப்பகுதியிலும் கண்ணிலும்தான் அதிகம். அதனால் சுலபமாக வராது. அடிவரை இறங்கிவிட்டால் கடுமையாகத் தாக்கும். ஒருவர் இருமி அடுத்தவருக்கு, அவரிடமிருந்து ஊரெல்லாம் என்று நிற்காமல் பரவியதாக இன்றுவரை எங்கும் இல்லை. நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட வீட்டாருக்கு அபூர்வமாக வந்ததுண்டு, அத்தோடு நின்றுவிட்டது. ஆக விமானத்தில் பக்கத்து இருக்கையை நினைத்துப் பயப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனமும் இந்த நோய்க்காகப் பயணத்தை நிறுத்தச் சொல்வதில்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது அந்தக் குஞ்சை. இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை.

வேலையில் இருந்தபோது ஒரு முறை பறவைக் காய்ச்சல் வந்த கிராமத்தில் கோழிகளை அழிக்கும் குழுவில் பதினோரு நாள் இருந்தேன். முழு உடை, கண்ணாடி, முகக்கவசம், இரட்டைக் கையுறை, தினம் ஒரு ஓசெல்டாமிவிர் மாத்திரை (டாமிஃப்ளூதான்). வீடு வீடாகப் போய்க் கோழிகளைப் பிடித்தோம். ஒரு வீட்டில் ஆறேழு வயதுப் பையன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். சட்டைக்குள் ஏதோ அசைந்தது. கேட்டால் அழுகிறான். குஞ்சைச் சட்டைக்குள் ஒளித்து, முகத்தோடு சேர்த்து அணைத்து வைத்திருந்தான். அவன் கன்னத்தில் எச்சம் காய்ந்திருந்தது. அடுத்த பத்து நாளும் காலையும் மாலையும் அவனுக்குக் காய்ச்சல் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. அந்தப் பத்து நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாங்கள் அத்தனை கவசம் போட்டுக்கொண்டு போய்த் தொட்டதை அந்தக் குழந்தை முகத்தில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தான்.

குழந்தைகள் அப்படித்தான். குஞ்சைத் தூக்குவார்கள், முத்தம் கொடுப்பார்கள், அதே கையை வாயில் வைப்பார்கள், கண்ணைக் கசக்குவார்கள். வாத்து விஷயத்தில் இன்னொரு சங்கடம். கோழிக்கு வந்தால் ஒன்றிரண்டு நாளில் கொண்டை நீலமாகி, தலை வீங்கி, கூட்டமாகச் செத்து விழும், பார்த்தாலே தெரிந்துவிடும். வாத்து பல சமயம் நன்றாக மேய்ந்துகொண்டே வைரஸை எச்சத்தில் விட்டுக்கொண்டிருக்கும். "பார்த்தால் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது" என்ற பேச்சு வாத்துக்குச் செல்லாது. ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் எச்சத்திலும் குட்டைத் தண்ணீரிலும் அந்த வைரஸ் பல நாள் உயிரோடிருக்கும். குழந்தைகளைக் குட்டையில் இறங்க விடாதீர்கள்.

அதனால் போங்கள், ஆனால் தங்கும் விதத்தை மாற்றுங்கள். முடிந்தால் ஆறு நாளையும் புனோம் பென்னிலேயே வைத்துக்கொண்டு கிராமத்துக்குப் பகலில் போய் வாருங்கள். தங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நீங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே கோழி, வாத்துகளை வலை கட்டி ஒரு பக்கமாக ஒதுக்கச் சொல்லுங்கள், சமையல் இடத்திலிருந்தும் தூளியிலிருந்தும் தள்ளி. வெளியே போட்ட செருப்பு மாடிக்கு வரக் கூடாது. சோப்பும் தண்ணீரும் போதும், இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பில் உடைந்துவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் சானிடைசர். உயிர்க்கோழி விற்கும் சந்தைப் பக்கம் போகவே வேண்டாம், வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். சீனாவில் 2013-இல் எச்7என்9 என்ற வேறொரு பறவைக் காய்ச்சல் வகை வந்தபோது நோய் தொற்றியவர்களில் பலர் அப்படிப்பட்ட சந்தைக்குப் போனவர்கள். அந்த வகையில் கோழிக்கு நோயே தெரியவில்லை. பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். உள்வரை 70 டிகிரி செல்சியஸில் வெந்தால் வைரஸ் செத்துவிடும். கறியில் இளஞ்சிவப்பு தெரியக் கூடாது, முட்டையின் மஞ்சள் இறுகியிருக்க வேண்டும். ஆபத்து சாப்பிடுவதில் இல்லை, அறுப்பதிலும் இறகு பிடுங்குவதிலும் குடலை எடுப்பதிலும்தான். அந்த வேலை நடக்கும்போது குழந்தைகளும் அம்மாவும் அங்கே இருக்கக் கூடாது.

டாமிஃப்ளூ நல்ல மருந்து. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும். ஆனால் குழந்தைக்கு எடை பார்த்து அளவு சொல்ல வேண்டும். உங்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கி வைத்து நீங்களே கொடுக்காதீர்கள்.

மெக்கோங் கரையில்:

நான் புனோம் பென்னில் எட்டு வருடம் இருந்தேன். டாக்டர் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அங்கே நோய் வந்தவர்களைப் பற்றி அரசு வெளியிடும் அறிவிப்புகளைப் படித்தால், பெரும்பாலானவற்றில் ஒரே கதை: வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் கோழி செத்தது, அதை எடுத்துச் சமைத்தார்கள். அறியாமை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். வருடத்துக்குச் சில தடவைதான் கறி பார்க்கிற குடும்பத்துக்கு, ஒரே ராத்திரியில் செத்த நாலு கோழியைக் குழி தோண்டிப் புதை என்றால் மனசு வராது. உங்கள் தம்பியின் மாமியாரும் அப்படி யோசிக்கலாம். நீங்கள் போவதற்கு முன்பே தம்பி மூலம், கெமர் மொழியில், நிதானமாகப் பேசிவிடுங்கள். போன பிறகு சொன்னால் விருந்தை அவமதித்த மாதிரி ஆகும்.

விருந்தாளிக்காகக் கோழி அறுப்பது அங்கே பெரிய மரியாதை. மீன் வாங்கித் தரச் சொல்லுங்கள். ஆற்று மீன் அங்கே அருமையாக இருக்கும், அவர்களுக்கும் சந்தோஷம். கரு வளர்ந்த வாத்து முட்டையைத் தெருவில் வேகவைத்து விற்பார்கள், நன்றாகக் கொதித்ததாக இருந்தால்தான் வாங்க வேண்டும். எல்லை தாண்டி வியட்நாம் பக்கம் போனால் பச்சை வாத்து ரத்தத்தில் செய்யும் உணவு ஒன்று உண்டு, அதைத் தொடவே தொடாதீர்கள், அதைச் சாப்பிட்டு எச்5என்1 வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கம்போடிய சுகாதார அமைச்சின் இலவச எண் 115. சந்தேகமான காய்ச்சலுக்கும் கூப்பிடலாம், கோழி கூட்டமாகச் செத்தாலும் கூப்பிடலாம். தம்பி போனில் பதிந்துவைக்கச் சொல்லுங்கள்.

இருவரின் அம்மா:

மூன்று பேருக்கும் நன்றி. பயணி அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் தம்பி மனைவிக்குப் பிரசவம் ஆகி நாலு மாதம்தான், அவர்களால் வர முடியாது. டாக்டர் சார், அந்தப் பையன் கதையைப் படித்து என் அம்மா அழுதுவிட்டார். கிராமத்தில் ஆறு நாளை மூன்றாகக் குறைத்துவிட்டோம். தம்பி வலை வாங்கிவிட்டான்.

மகளிடம்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "குஞ்சுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம்" என்றால், "அப்போ நான் மருந்து கொடுக்கிறேன்" என்கிறாள்.

வார்டு சிஸ்டர்:

அன்புத் தோழிக்கு. தொற்றுநோய் வார்டில் 19 வருடம் செவிலியாக இருக்கிறேன். போவதற்கு முன் என்ன, அங்கே என்ன என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்த பிறகு உள்ள பத்து நாளைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் கோட்டை விடுவது அங்கேதான்.

காய்ச்சலோடு வருகிறவர் "ரெண்டு நாளா காய்ச்சல், இருமல்" என்பார். பயணம் போனதைச் சொல்ல மாட்டார். கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில் நாங்களும் கேட்காமல் விட்டிருக்கிறோம். ஒரு முறை வேறொரு நாட்டில் பண்ணையில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் பொது வார்டில் மூன்று நாள் கிடந்தார். நாலாம் நாள் அவர் தங்கைதான் பேச்சுவாக்கில் "அண்ணன் அங்க கோழிப் பண்ணையிலதான் இருந்தாரு" என்றாள். நல்லவேளை, சோதனையில் இல்லை என்று வந்தது. அந்த மூன்று நாளில் பக்கத்துப் படுக்கையில் கீமோ எடுக்கும் ஒரு பாட்டி இருந்தார். இப்போதும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அறிகுறி பெரும்பாலும் இரண்டிலிருந்து ஏழு நாளுக்குள் தெரியும். பத்து நாள் வரை கவனியுங்கள். ஐந்து பேருக்கும் தினம் இரண்டு வேளை காய்ச்சல் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு மட்டுமில்லை. கண் சிவந்தாலும் கணக்கு. அமெரிக்காவில் 2024-இல் கறவை மாடுகளுக்கு எச்5என்1 பரவியபோது பால்பண்ணை ஆட்கள் பலருக்குக் கண் சிவந்ததுதான் முக்கிய அறிகுறி. வயிற்றுப்போக்கும் வரலாம். காய்ச்சல் மாத்திரை போட்டுச் சமாளித்துவிட்டு நோட்டில் "காய்ச்சல் இல்லை" என்று எழுதாதீர்கள்.

ஒரு வேளை வந்தால், நேராகப் போய் வரிசையில் உட்காராதீர்கள். முதலில் போன் செய்து சொல்லுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு சீட்டில் இதை எழுதி இப்போதே பையில் வையுங்கள்: எந்த நாடு, எந்த மாகாணம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வீட்டில் கோழி வாத்து இருந்ததா, ஏதாவது செத்ததா, யார் தொட்டார்கள். சாதாரண ரேபிட் டெஸ்டில் இல்லை என்று வந்தாலும் போதாது. ஆர்டிபிசிஆர் எடுத்து, இன்ஃப்ளூயன்ஸா ஏ என்று வந்தால் (பறவைக் காய்ச்சலும் அதில் சேர்ந்ததுதான்) அது எச்5 வகையா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பறவையைத் தொடவில்லை என்பதால் சொல்லாமல் விடாதீர்கள். பெய்ஜிங்கிலிருந்து கனடா திரும்பிய ஒருவர் 2014 ஜனவரியில் எச்5என்1 வந்து இறந்தார், அவர் பண்ணைக்கோ சந்தைக்கோ போனதாகத் தெரியவில்லை. 2024-இல் கொல்கத்தா வந்துவிட்டு ஆஸ்திரேலியா திரும்பிய இரண்டரை வயதுக் குழந்தைக்கும் வந்தது. நோயுற்ற பறவையின் பக்கம் போனதாக வீட்டார் யாருக்கும் நினைவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்துக்கொண்டது.

அப்புறம் தடுப்பூசி. சாதாரண ஃப்ளூ ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனாலும் ஐந்து பேரும் போடுங்கள், கிளம்ப இரண்டு வாரம் முன்னதாக. ஒரே உடம்பில் இரண்டு ஃப்ளூவும் சேர்ந்தால் அவை கலந்து புதிதாக ஒன்று உருவாக வாய்ப்புண்டு. திரும்பி வந்ததும் காய்ச்சல் வந்தால் குழப்பமும் குறையும். உங்கள் அம்மாவுக்கு எப்படியும் தேவை.

கால்நடை மருத்துவர், ஓய்வு:

சிஸ்டர் சொன்னது பொன்னான யோசனை. கண் சிவப்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன்.

குழந்தைக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்களே. "தூக்காதே" என்றால் தூக்குவாள். அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தினம் காலை மாடியிலிருந்து குஞ்சுகளை எண்ணச் சொல்லுங்கள். எத்தனை நிற்கிறது, எத்தனை படுத்திருக்கிறது, எது இரை எடுக்கவில்லை என்று. நான் பண்ணைக்காரர்களுக்குக் கொடுத்த பயிற்சியில் முதல் பாடமே அதுதான், தூரத்திலிருந்து பார்ப்பது.

இருவரின் அம்மா:

திரும்பி வந்துவிட்டோம். எல்லோரும் கேட்டிருந்ததால் விவரமாக எழுதுகிறேன்.

மகள் மூன்று நாளும் விடிந்ததும் மாடிக் கம்பிக்கு இடையில் முகத்தை வைத்துக்கொண்டு எண்ணினாள். முதல் நாள் பதினொன்று. இரண்டாம் நாளும் பதினொன்று. மூன்றாம் நாள் காலை என்னை எழுப்பி, "குஞ்சு சரியா இருக்கு, பெரிய கோழி ரெண்டு தூங்கிட்டே இருக்கு" என்றாள். நான் கம்பி வழியாகப் பார்த்தேன். தூங்கவில்லை.

தம்பியின் மாமியார் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு தம்பியிடம் ஏதோ கேட்டார். "இது போனது எதனால் என்று தெரியுமா" என்று கேட்டாராம். அவன் முன்பே பேசியிருந்ததால் எடுத்துச் சமைக்கலாமா என்ற பேச்சே வரவில்லை. 115-க்குப் போன் செய்தார்கள். மதியம் இரண்டு பேர் வந்து மாதிரி எடுத்துக்கொண்டார்கள், பிறகு ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். நாங்கள் அதற்கு முன்பே புனோம் பென் கிளம்பிவிட்டோம். கிளம்பும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். விருந்தாளி வந்த வீட்டில் இப்படி ஆகிவிட்டதே என்று. மொழி தெரியாமல் நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீடு திரும்பி நாலாம் நாள் இரவு மகனுக்கு 101.4. எனக்குக் கை நடுங்கியது. சிஸ்டர், உங்கள் சீட்டு பையிலேயே இருந்தது. முதலில் போன் செய்தோம். பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள், தனி அறையில் வைத்தார்கள், மூக்கு, தொண்டை இரண்டிலும் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருக்காமல் டாமிஃப்ளூ சிரப் எடை பார்த்து அன்றிரவே ஆரம்பித்துவிட்டார்கள். இன்ஃப்ளூயன்ஸா ஏ என்று காலையில் வந்தது. எச்5 இல்லை, மனிதருக்கு வழக்கமாக வரும் எச்3 என்று வர மறுநாள் மாலை ஆனது. ஊசி போட்டிருந்தும் வந்திருக்கிறது, ஆனால் மூன்றாம் நாள் எழுந்து விளையாட ஆரம்பித்துவிட்டான். அந்த ஒன்றரை நாளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

செத்த கோழிகளுக்கும் எச்5 இல்லையாம். தம்பி நேற்றுச் சொன்னான், நியூகாசில் என்ற நோயாம்.

கால்நடை மருத்துவர், ஓய்வு:

நியூகாசில் என்றால் நம் வெள்ளைக்கழிச்சல்தான் அம்மா. பறவைக் காய்ச்சலும் அதுவும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆய்வகம் சொன்னால்தான் எனக்கே தெரியும். அதற்குத் தடுப்பூசி உண்டு, மீதிக் கோழிகளுக்குப் போடச் சொல்லுங்கள். பையன் எழுந்து விளையாடுகிறான் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. மற்ற நாலு பேருக்கும் பத்து நாள் முடியும்வரை நோட்டை மூடாதீர்கள்.

இருவரின் அம்மா:

இன்று பதினோராம் நாள் சார். காலையில் எல்லோருக்கும் பார்த்தேன், 98.4-க்கு மேல் யாருக்கும் இல்லை. அம்மாவுக்குக் கண்ணில் லேசான சிவப்பு ஒரு நாள் இருந்தது, காட்டினோம், ஒன்றுமில்லை. தம்பியின் மாமியார் தினம் காலையில் குஞ்சுகளைப் படம் எடுத்து அனுப்புகிறார். மகள் போனைப் பெரிதாக்கி விரல் வைத்து எண்ணுகிறாள். இன்றைக்கும் பதினொன்று.